பாம்பின் கால்: போவா வகையறாவும் எங்க ஊர்க் கருப்பாடும்

போன ஐப்பசியில் பெரம்பலூர் பக்கம் சொந்தக்காரர் ஒருத்தர் காட்டுக்குப் போயிருந்தேன். சின்ன வெங்காயம் நட நிலத்தைத் திருத்திக்கிட்டிருந்தாங்க. வரப்போரம் மண்வெட்டி போட்ட இடத்தில் செம்பழுப்பு நிறத்தில், ஒன்றரை முழ நீளத்தில் ஒன்று மொழுமொழுன்னு புரண்டு வந்தது. மண்ணுளிப் பாம்பு. வால் கூராக இல்லாமல் மழுங்கி இருக்கும், அதனால் எந்தப் பக்கம் தலை என்று சட்டெனத் தெரியாது. ரெட்டைத்தலைப் பாம்பு, இருதலை மணியன் என்றெல்லாம் சொல்வது இதைத்தான்.

வேலை நின்றுபோச்சு. "இது லட்சக்கணக்குல விலை போகுமாம்" என்றார் ஒருத்தர். "விலையா? புடிச்சா ஜெயிலு" என்றார் இன்னொருத்தர். காலேஜ் படிக்கிற தம்பி ஒருவன் மட்டும் வேறு மாதிரி கேட்டான்: "அண்ணே, அமெரிக்காவுல போவாப் பாம்புக்கு அப்பன், பாட்டன், வம்சம் எல்லாம் எழுதி வச்சு விக்கிறாங்க, வீடியோல பாத்தேன். இதுவும் போவா குடும்பம்தானாமே? இதுக்கு ஏன் அப்படி ஒண்ணும் இல்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பாம்பை வேலி ஓரம் விட்டோம். அது பாட்டுக்கு மண்ணுக்குள் போய்விட்டது. கேள்வி மட்டும் என்கூட வீட்டுக்கு வந்தது. அதைத் தோண்டியபோது கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

பெயர் வந்த வழி

தம்பி சொன்னது சரி. மண்ணுளி, போவாக் குடும்பத்துப் பாம்புதான். முட்டையிடாமல் குட்டி போடும். மலைப்பாம்பு முட்டையிடும், அது வேறு குடும்பம்.

'போவா' என்ற சொல் ரொம்பப் பழசு. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, இத்தாலியில் இருந்த ஒரு பெரிய பாம்பை அப்படிக் குறிப்பிடுகிறார். அது பசுவின் மடியில் பால் குடித்து வளர்வதால், லத்தீனில் மாட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்கிறார். நம்ம ஊரில் சாரைப்பாம்பு மாட்டு மடியில் பால் குடிக்கும் என்று சொல்வார்களே, அதே கதை. உறிஞ்சிக் குடிக்கிற வாயமைப்பு பாம்புக்குக் கிடையாது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

1758இல் லின்னேயஸ் தன் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் 'போவா கன்ஸ்ட்ரிக்டர்' என்று பெயர் வைத்தார். இன்று உலகம் முழுக்க வளர்க்கப்படும் போவா அதுதான். அது தென்னமெரிக்கப் பாம்பு. லின்னேயஸோ அதன் ஊர் 'இந்தியாக்கள்' என்று எழுதிவைத்தார். இதற்கு எதிர்த்திசையில் போனது இன்னொரு பெயர். 'அனகோண்டா' என்ற சொல் ஐரோப்பாவுக்குப் போனது இலங்கையிலிருந்து. அது தமிழின் 'ஆனைக்கொன்றான்' ஆக இருக்கலாம் என்று 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி ஊகிக்கிறது, சிங்களச் சொல் என்பாரும் உண்டு. கடைசியில் அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது அமேசான் பாம்பு ஒன்றின் மேல். அதுவும் போவாக் குடும்பம்தான். அமெரிக்கப் பாம்புக்கு இந்திய முகவரி, இலங்கைப் பெயருக்கு அமெரிக்க உடம்பு! பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு உயிரின் பூர்வீகத்தைத் தேடினால் இப்படித்தான் ஆகும்.

நம்ம மண்ணுளிக்கு வந்த பெயரில் இந்தக் குழப்பம் இல்லை. அதன் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானியை. இதில் 'ஜான்' யார்? ஜெயங்கொண்டத்திலிருந்து கிழக்கே போனால், மயிலாடுதுறை தாண்டிக் கடற்கரையில் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் ஆண்ட ஊர். அங்கே 1771இல் வந்து சேர்ந்த ஜெர்மன் பாதிரியார் கிறிஸ்தோஃப் சாமுவேல் ஜான். 1813இல் சாகும்வரை நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊர்தான் அவருக்கு. பள்ளிக்கூடம் நடத்தினார். மீதி நேரத்தில் மீன், சிப்பி, பாம்பு என்று சேகரித்து ஐரோப்பாவில் இருந்த அறிஞர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பெர்லினில் இருந்த மீன் ஆய்வாளர் பிளாக், ஒரு மீன் பேரினத்துக்கே 'ஜானியஸ்' என்று அவர் பெயரை வைத்தார்.

சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றி அந்தக் காலத்தில் பெரிய நூல் எழுதியவர் பேட்ரிக் ரஸ்ஸல், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளர். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இவர் பெயர்தான். அந்த நூலின் தொடர்ச்சியில், 1801இல், தரங்கம்பாடி மண்ணுளிக்கு 'போவா ஜானியை' என்று பெயர் வைத்தார். 'எரிக்ஸ்' என்ற பேரினம் அதற்கப்புறம் வந்தது. ஆக, இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம மண்ணுளியின் பெயரிலேயே 'போவா' இருந்தது, கூடவே காவிரிப் படுகையில் வாழ்ந்து செத்த ஒரு மனுஷன் பெயரும் இருந்தது.

ஆனால் இது இனத்தின் பெயர். பெரம்பலூர்க் காட்டில் புரண்ட அந்த ஒரு பாம்பு யார் பிள்ளை என்று இது சொல்லாது. அதைச் சொல்வதற்குத் தமிழில் நல்ல வார்த்தை ஒன்று இருக்கிறது: வகையறா. திருவிழா நோட்டீஸில் 'இன்னார் வகையறா' என்று போடுவோமே, அதேதான்.

கால் வகையறா, ஷார்ப் வகையறா

அமெரிக்காவில் போவா வளர்ப்பவர்கள் செய்வது இந்த வகையறா எழுதுகிற வேலை. அதிலே ரொம்பப் பிரபலமான இரண்டு, வெள்ளைப் போவாக்களின் வகையறா. உடம்பில் கருப்பு நிறமி இல்லாமல், மஞ்சளும் ஆரஞ்சுமாய், சிவந்த கண்ணோடு பிறப்பவை. அவற்றை நிலைநிறுத்திய வளர்ப்பாளர்களின் குடும்பப் பெயரே வகையறாப் பெயர் ஆகிவிட்டது. ஒன்று 'ஷார்ப்'. இன்னொன்றைத் தமிழில் எழுதினால் 'கால்'.

பாம்புக்குக் கால்! நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, போவாவுக்கு நிஜமாகவே கால் உண்டு. போவா, மலைப்பாம்பு இரண்டுக்கும் கழிவாய்க்கு இரண்டு பக்கமும் நகம் மாதிரி ஒரு சின்ன முள் இருக்கும். முன்னோருக்கு இருந்த பின்னங்கால்களின் மிச்சம் அது. ஆணுக்குக் கொஞ்சம் பெரிசாக இருக்கும், இணை சேரும்போது பெண்ணை வருட உதவும். பாம்பின் கால் பாம்பறியும் என்ற பழமொழியை இதற்குமேல் நேராக யாரும் நிரூபிக்க முடியாது.

கதைக்கு வருகிறேன். கால் வகையறாவும் ஷார்ப் வகையறாவும் பார்க்க ஏறத்தாழ ஒரே மாதிரிதான். கால் வெள்ளையையும் ஷார்ப் வெள்ளையையும் இணை சேர்த்தால் என்ன பிறக்கும்? வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வெள்ளைதானே என்று தோன்றும். இல்லை. எல்லாக் குட்டியும் சாதாரண நிறத்தில் பிறக்கும்.

காரணம் எளிது. ஒரு வீட்டில் போர் மோட்டார் எரிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மோட்டார் நன்றாக ஓடுகிறது, குழாய் உடைந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் தண்ணீர் வராது. இந்த வீட்டுக் குழாயையும் அந்த வீட்டு மோட்டாரையும் சேர்த்தால் தண்ணீர் வந்துவிடும். இரண்டு வகையறாவிலும் நிறமி உண்டாகும் வழியில் பழுது, ஆனால் வேறு வேறு மரபணுவில். குட்டிக்கு ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடுகிறது. அதனால் கருப்பு நிறம் திரும்பிவிடுகிறது.

ஆபத்து இதற்கப்புறம்தான். அந்தச் சாதாரணக் குட்டி ஒவ்வொன்றும் இரண்டு பழுதையும் மறைவாய்ச் சுமக்கிறது. இப்படி மறைவாய்ச் சுமப்பதை வளர்ப்பாளர்கள் 'ஹெட்' என்று சுருக்கிச் சொல்வார்கள். இவற்றில் இரண்டை இணைத்தால், கணக்குப்படி 16 குட்டிக்கு 7 வெள்ளை பிறக்கும். அந்த ஏழில் மூன்று கால் வெள்ளை, மூன்று ஷார்ப் வெள்ளை, ஒன்று இரண்டும். எது எது என்று கண்ணால் பிரிப்பது கஷ்டம். மறுபடி இணை சேர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். போவா வளர்ந்து குட்டி போட மூணு நாலு வருஷம் பிடிக்கும். நோட்டில் எழுதாமல் விட்ட ஒரு வரியைத் திரும்பக் கண்டுபிடிக்க அத்தனை வருஷம்.

விலை நிற்பதும் இந்த நோட்டை நம்பித்தான். ஒரே பழுதை மறைவாய்ச் சுமக்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்தால் நாலுக்கு ஒன்று வெள்ளை பிறக்கும். மீதி மூன்றும் சாதாரண நிறம். அந்த மூன்றில் இரண்டு, பழுதைச் சுமக்கும். எந்த இரண்டு என்று தெரியாது. அதனால் மூன்றையும் '66 சதவீத ஹெட்' என்று போட்டு விற்பார்கள். அதாவது, வாங்குகிறவர் காசு கொடுப்பது பாம்புக்கு இல்லை, பாம்பின் அப்பா அம்மா பற்றி விற்கிறவர் சொல்லும் வார்த்தைக்கு. பாம்பின் கால் பாம்பறியும். மனுஷன் அறியணும்னா நோட்டு வேணும்.

நோட்டு எதுக்கெல்லாம் ஆகுது

இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு என்று நானும் முதலில் நினைத்தேன். மூன்று விஷயம் என் எண்ணத்தை மாற்றியது.

முதலாவது, ஊர்ப் பெயர். ஹோண்டுராஸ் நாட்டுக் கடலில் 'பன்றித் தீவுகள்' என்று அர்த்தம் வரும் ஒரு சின்னத் தீவுக்கூட்டம் இருக்கிறது, காயோஸ் கொச்சினோஸ். அங்கத்திய போவா சின்ன உடம்பு, வெளிர் இளஞ்சிவப்பு. வளர்ப்புச் சந்தைக்காக 1970, 80களில் அள்ளி அள்ளிப் பிடித்தார்கள். இன்று அந்தத் தீவின் பெயரில் விற்கப்படும் போவாவை வெளிர் நிறக் கலப்புப் போவாவோடு வைத்தால், பார்த்துச் சொல்வது கஷ்டம். அசல் தீவு ரத்தம் என்று சொல்ல ஒரே ஆதாரம், தலைமுறை தலைமுறையாய்க் கைமாறி வந்த காகிதம். காகிதம் தொலைந்தால் தீவும் தொலைந்தது.

இரண்டாவது, பழுது. ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பில் 'சிலந்தி' என்று ஒரு வகையறா உண்டு. மேலே வலை பின்னியது போல அழகான கோடு. அதோடு கூடவே தலை ஆட்டமும் வரும், நிலைதடுமாறும். உள்காது அமைப்பிலேயே கோளாறு என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. கொடிவழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், எல்லாம் 1990களின் கடைசியில் இருந்த ஒரே ஒரு பாம்பில் போய் நிற்கிறது. அழகும் ஆட்டமும் சேர்ந்தேதான் இறங்குகின்றன, பிரிக்க முடியவில்லை. பிரிட்டனில் ஒரு ஊர்வன ஆர்வலர் சங்கம் தன் கண்காட்சிகளில் இதை விற்கவே தடை போட்டது. நம்ம ராஜபாளையம் நாயில் தூய வெள்ளையையே தேடித் தேடிச் சேர்த்ததில் காது கேளாமை வந்து ஒட்டிக்கொண்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பெருமைக்கு எழுதும் கொடிவழி, குற்றத்தையும் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் ஒரு பெண் போவா இரண்டு ஈற்றில் 22 குட்டி போட்டது. எல்லாம் பெண். எல்லாக் குட்டிக்கும் தாயின் அபூர்வமான கேரமல் நிறம். அந்த நிறம் ஒடுங்கிய பண்பு, அப்பாவும் அதைச் சுமந்திருந்தால்தான் குட்டியில் வெளியே வரும். கூட விட்டிருந்த ஆண்களுக்கு அது இல்லை. நோட்டு வைத்திருந்ததால் இது இடித்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மரபணுவைச் சோதித்தார்கள். குட்டிகளுக்கு அப்பாவே இல்லை! தாய் தனியாகவே போட்ட குட்டிகள். வாரன் பூத்தும் சக ஆய்வாளர்களும் 2010 கடைசியில் வெளியிட்ட முடிவு இது. போவாவில் இப்படி நடக்கும் என்று அதற்குமுன் யாரும் நிரூபித்ததில்லை. ஒரு வளர்ப்பாளரின் கணக்கு நோட்டு இடித்ததில் கிடைத்த அறிவியல்.

எங்க ஊர்க் கொடிவழி

இனி நம்ம ஊருக்கு வருவோம். கொடிவழி எழுதுவது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். அந்த ஊரை உண்டாக்கிய முதலாம் ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் கொடிவழியைச் சூரியனில் தொடங்கி, புராண அரசர்கள் வழியாக இறங்கி, விஜயாலயனுக்கு வந்து, அப்புறம்தான் நமக்குத் தெரிந்த வரலாற்றில் கால் வைக்கும். அதே தலைநகரில் 1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன், அப்பா வழியில் கீழைச் சாளுக்கியன், ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன். தாய்வழியைப் பிடித்துத்தான் சோழன் ஆனான். ஆக, ராஜாவுக்கு எழுதினோம், செம்பில் எழுதினோம். ஆட்டுக்கு எழுதினோமா?

இந்தப் பக்கத்துக்கென்று ஒரு செம்மறி இனம் உண்டு. 'திருச்சி கருப்பு' என்பது ஏட்டில் உள்ள பெயர், 'கருங்குறும்பை' என்றும் சொல்வார்கள். சின்ன உடம்பு, முழுக் கருப்பு. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. மயிர் முரடு, அதை வெட்டிக் கம்பளி நெய்வார்கள். வயலில் கிடை போட்டால் எரு. பெரம்பலூர், அரியலூர் இதன் சொந்த நிலங்களில் முக்கியமானவை. பெயரில் மட்டும் இரண்டும் இல்லை.

அதற்குக் காரணம் சர்வே நடந்த காலம். இந்தியச் செம்மறி, வெள்ளாட்டு இனங்களைத் தொகுத்து ஆச்சார்யா எழுதிய நூலை உலக உணவு வேளாண் அமைப்பு 1982இல் வெளியிட்டது. அதில் இந்த ஆடு திருச்சியின் பெயரில் இருக்கிறது. அப்போது இந்த ஊர்கள் எல்லாம் திருச்சிராப்பள்ளி மாவட்டம். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995இல். அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடி சேர்க்கப்பட்டு, 2007இல் திரும்பப் பிரிந்தது. மாவட்டம் பல தடவை மாறியது, ஆட்டின் பெயர் மாறவில்லை. பாறைக்கும் இதே கதைதான். 1860களில் பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியின் கடல் படிவப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூணு தொகுதியாகப் பிரித்தார். அரியலூருக்காவது பாறையில் பெயர் கிடைத்தது. பெரம்பலூருக்கு அதுவும் இல்லை.

பெயர் எப்படியோ போகட்டும். வகையறா? குன்னம் பக்கம் கிடை போட்டிருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டேன். மந்தையில் நூத்துச் சொச்சம் ஆடு. எல்லாம் கருப்பு, எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரிந்தது.

"ஐயா, எதுக்கு எது குட்டின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அந்தா நிக்குதே, அது நெட்டச்சி வகையறா. நெட்டச்சிய எங்கப்பா வேப்பூர் சந்தையில புடிச்சாந்தாரு. அவ பேத்தி இது. இந்தப் பக்கம் இருக்குறதெல்லாம் காதறுந்தவ வகையறா. பால் நல்லா விடும், குட்டி சாகாது."

"கிடா எதுங்க?"

சிரித்தார். "மேய்ச்சல்ல எது ஏறுச்சுன்னு யாரு பாத்தா? தாய்தான் கணக்கு."

"இதெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"எழுதி? எம் மனசுல இருக்கு. எம் பையன் திருப்பூர்ல இருக்கான், தம்பி."

இந்த ஒரு வரி என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது. அமெரிக்கப் போவாவில் கணக்கு வளர்ப்பவர் பெயரில் ஓடுகிறது. இங்கே தாயாட்டின் பெயரில் ஓடுகிறது. குட்டி சாகாத வகையறா எது, பஞ்சத்தில் தாக்குப்பிடித்த வகையறா எது என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள முடியாத விஷயம் இரண்டிலும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வித்தியாசம், அங்கே நோட்டு. இங்கே ஒரு கிழவரின் தலை.

1984இல் தொடங்கப்பட்டு, இப்போது கர்நாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபு வள வாரியம் இனங்களைப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவில் இனத்தின் பெயர் இருக்கும், நிலம் இருக்கும், உயரம் எடை இருக்கும். நெட்டச்சி இருக்க மாட்டாள். இனம் ஏட்டில் பத்திரமாய் இருக்கும்போதே வகையறா ஒவ்வொன்றாய்ப் போய்விடலாம். கம்பளிக்குக் கேட்பார் குறைந்து, கறிக்கு எடை கூடட்டும் என்று வெளிக்கிடாவைச் சேர்த்தால், ரெண்டு மூணு தலைமுறையில் கருப்பு மட்டும் மிஞ்சும், உள்ளே இருந்தது போய்விடும். அந்த ஹோண்டுராஸ் தீவுப் போவாக் கதையேதான்.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. ஆந்திராவின் ஒங்கோல் மாடு பிரேசிலுக்குப் போய் 'நெல்லூர்' என்ற பெயரில் அந்த நாட்டின் முக்கிய மாட்டினம் ஆனது. 1960களின் தொடக்கத்தில் அங்கே போன ஒரு காளைக்கு 'கர்வாடி' என்று பெயர், ஒங்கோல் பக்கத்துக் கரவடி கிராமத்தின் பெயர். இன்றும் பிரேசில் வளர்ப்பாளர்கள் 'கர்வாடி வழி' என்று கொடிவழியை விரல் வைத்துக் காட்டுவார்கள். ஒரு ஆந்திரக் கிராமத்தின் பெயர் மாட்டு ரத்தத்தோடு கடல் தாண்டி நிலைத்திருப்பதற்குக் காரணம், அங்கே யாரோ விடாமல் எழுதியதுதான்.

மண்ணுளிக்கு வேண்டாத விலை

தம்பியின் கேள்விக்கு இப்போது வரலாம். மண்ணுளிக்கு ஏன் வகையறா இல்லை?

சட்டப்படி அதை யாரும் வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர் அது. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் குற்றம். ஆனாலும் சந்தை இருக்கிறது. அந்தச் சந்தையில் யாரும் அப்பன் பாட்டன் கேட்பதில்லை. எடை கேட்கிறார்கள். இத்தனை கிலோ இருந்தால் இத்தனை லட்சம், வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம், மருந்துக்கு ஆகும் என்று வதந்தி மேல் வதந்தி. ரெட்டைத்தலை போலத் தெரிய வாலில் சூடு வைத்துத் தழும்பு ஏற்றுவதும் உண்டு. பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும், எலி தின்று விவசாயிக்கு உதவும் சாதுவான பாம்பு அது. கதையை நம்பிப் பணம் கொடுத்து ஏமாந்தவரும் உண்டு, பிடிபட்டு ஜெயிலுக்குப் போனவரும் உண்டு. பாம்பு பாட்டுக்குச் சாக்குப் பையில் செத்துப்போகும்.

வெளிநாட்டு போவா கதை வேறு. அதை இங்கே வளர்ப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்க 2020 ஜூனில் மத்திய அரசு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்பவர் பதிவு செய்யணும், பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாம் தெரிவிக்கணும். போவாக் குடும்பம் முழுக்க அந்தப் பட்டியலில் வருகிறது. வளர்ப்பாளர் ஆசைக்கு எழுதின நோட்டை இப்போது அரசாங்கம் கட்டாயமாகக் கேட்கிறது. காட்டிலிருந்து பிடித்ததா, வீட்டில் பிறந்ததா என்று பாம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, தாய் தகப்பன் பதிவு இருந்தால்தான் முடியும் என்பதே காரணம்.

போன வாரம் தம்பியைப் பார்த்தபோது இதைத்தான் சொன்னேன். காட்டில் தானாகப் பிறந்து தானாகச் சாகும் உயிருக்கு நம்ம நோட்டு தேவையில்லை. அதன் கொடிவழியை மண்ணே வைத்திருக்கிறது, ஜான் பாதிரியார் பெயர் ஒன்று போதும். ஆனால் எந்த உயிரை நாம் தேர்ந்தெடுத்து, இணை சேர்த்து, நமக்காக மாற்றினோமோ, அதன் கணக்கை எழுதும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. போவா வளர்ப்பவர்கள் அதைச் செய்கிறார்கள், பணத்துக்காகத்தான் என்றாலும். பலநூறு தலைமுறையாய் ஆடு வளர்த்த நாம் மனசிலேயே வைத்திருந்தோம். மனசுக்காரர்கள் ஒவ்வொருத்தராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"அப்ப அந்தப் பெரியவர்கிட்ட எழுதி வாங்கலாமேண்ணே" என்றான்.

அடுத்த மாதம் அறுவடை முடிந்த காட்டில் அவர் மறுபடி கிடை போடுவாராம். நாங்கள் இரண்டு பேரும் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் தம்பி எழுதியிருக்கிறான்: நெட்டச்சி, வேப்பூர் சந்தை. வருஷம் கேட்கணும்.